வலைப்பூவுக்கு வாசகர் வர: எந்த அடைவில் சேர்ப்பது, எந்தத் தேடல் கருவியைப் பிடிப்பது (பெங்களூருத் தமிழ்ப் பதிவர்களுக்கான முழு வழிகாட்டி)

"உங்கள் வலைப்பூவை ஐந்நூறு டைரக்டரிகளில் சேர்த்துத் தருகிறோம்" என்று மின்னஞ்சல் வராத பதிவர் பெங்களூரில் இருக்க முடியாது. அவர்கள் கேட்கும் பணத்துக்கு அல்சூரில் நான்கு நண்பர்களுக்கு மசால் தோசை வாங்கிக்கொடுத்து, உங்கள் பதிவைப் படிக்கச் சொன்னால் நான்கு வாசகராவது மிஞ்சுவார்கள். ஐந்நூறு டைரக்டரியில் அதுவும் மிஞ்சாது.

அடைவுகளே, அதாவது டைரக்டரிகளே, பயனற்றவை என்பதல்ல. ஒரு காலத்தில் இணையத்தில் வழிகாட்டியதே அவைதான். யாகூவின் அடைவு 2014 இறுதியில் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் தொகுத்த டீமாஸ் 2017 மார்ச்சில் நின்றது. தமிழில் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகளை (பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே பக்கத்தில் தொகுத்துக் காட்டும் தளங்கள்) அப்போதெல்லாம் காலையில் திறந்தால் அன்றைக்கு யார் என்ன எழுதினார்கள் என்று தெரிந்துவிடும். புதுப் பதிவுகளை ஓடை (ஃபீட்) வழியாக ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டதோடு அப்படிப் படிக்கும் பழக்கமும் தேய்ந்தது. இன்று வாசகர் வருவது பெரும்பாலும் இரண்டு வாசல் வழியாக: தேடுபொறி, தெரிந்தவர் அனுப்பிய இணைப்பு. அடைவு மூன்றாவது. ஆகவே வேலையும் அந்த வரிசையில் நடக்கட்டும். கீழே எடுத்துக்காட்டாக, பெங்களூரில் குடியேறிய தமிழருக்கு வீடு, சாப்பாடு, கோயில், திருவிழா பற்றி எழுதும் ஒரு வலைப்பூவை வைத்துக்கொள்கிறோம்.

முதல் படி: வலைப்பூவின் அமைப்புகள்

எங்கும் பதிவதற்கு முன் இவற்றைச் சரிபாருங்கள். ப்ளாகரில் செட்டிங்ஸ் பக்கத்தில் பிரைவசி என்ற பகுதி உண்டு. அங்கே தேடுபொறிகளுக்குத் தெரியட்டும் என்ற பொத்தான் இயங்கு நிலையில் இருக்க வேண்டும். வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், ரீடிங் பகுதியில் தேடுபொறிகளைத் தடுக்கும் கட்டம் ஒன்று உண்டு. அதில் டிக் இருக்கக் கூடாது. தளத்தைக் கட்டும்போது போட்ட டிக்கை எடுக்க மறந்துவிட்டு, மாதக்கணக்கில் "கூகுளில் வரவே இல்லை" என்று புலம்புவது அடிக்கடி நடக்கும் கூத்து.

அடுத்தது பதிவின் முகவரி. தமிழில் எழுதுபவர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. ப்ளாகரில் தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் அது முகவரியை உருவாக்கத் தெரியாமல் "பிளாக் போஸ்ட்" என்ற பொதுப்பெயரும் ஓர் எண்ணும் போட்டுவிடும். வேர்ட்பிரஸ் தமிழையே முகவரியில் வைக்கும். ஆனால் ஒவ்வொரு தமிழ் குறியீடும் விழுக்காட்டுக் குறியுடன் 9 எழுத்துகளாக விரியும். "பெங்களூருவில்" என்ற ஒரே சொல்லில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் சேர்த்து 13 குறியீடுகள். அது 117 எழுத்துகளாகிவிடும். வேர்ட்பிரஸ் பதிவின் முகவரிப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பதே 200தான். ஆகவே இரண்டாவது சொல்லிலேயே முகவரி பாதியில் வெட்டுப்படும். அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகள் வரிசைகட்டி நிற்கும். பெறுபவர் ஏதோ வைரஸ் என்று தொடவே மாட்டார். எனவே இரண்டிலும் முகவரியை நீங்களே ஆங்கில எழுத்தில், மூன்று அல்லது நான்கு சொற்களில், இடையில் சிறுகோடு போட்டு எழுதுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரியை வெளியிடும் முன்பே எழுதிவிட வேண்டும். பிறகு மாற்றினால் பழைய இணைப்பு 404 (பக்கம் இல்லை) ஆகும். மாற்றியே தீரவேண்டும் என்றால் ப்ளாகர் செட்டிங்ஸில் கஸ்டம் ரீடைரக்ட்ஸ் பகுதியில் பழையதைப் புதியதற்குத் திருப்பிவிடுங்கள்.

ப்ளாகரில், தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரக்கூடிய தேடல் விளக்கம் எழுதும் வசதியைச் செட்டிங்ஸில் மெட்டா டேக்ஸ் பகுதிக்குப் போய் இயக்க வேண்டும். இயக்கிய பிறகுதான் பதிவு எழுதும் பக்கத்தின் வலப்புறத்தில் அதற்கான பெட்டி தோன்றும். கீவேர்ட்ஸ் மெட்டா டேக் என்று ஒன்று எழுதச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் விட்டுவிடுங்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது.

இரண்டாம் படி: கூகுள் சர்ச் கன்சோல்

உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவி. ஒரே ஒரு கருவிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதுதான். இலவசம். உள்ளே போனதும் இரண்டு வகை கேட்கும்: டொமைன், யூஆர்எல் ப்ரிஃபிக்ஸ். சொந்த டொமைன் வாங்கியிருந்தால் முதலாவதைத் தேர்ந்தெடுத்து, டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் (டொமைன் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) பக்கத்தில் டிஎக்ஸ்டி என்ற சரிபார்ப்பு வரி ஒன்றைச் சேர்க்க வேண்டும். இலவச பிளாக்ஸ்பாட் முகவரி என்றால் அதன் டிஎன்எஸ் உங்கள் கையில் இல்லை. ஆகவே இரண்டாவது வகைதான். ப்ளாகருக்கும் கன்சோலுக்கும் ஒரே கூகுள் கணக்கைப் பயன்படுத்தினால் உரிமைச் சரிபார்ப்பு தானாகவே முடிந்துவிடும்.

பிறகு சைட்மேப், அதாவது தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியல். ப்ளாகர் தானாகவே இரண்டு தயாரிக்கிறது: பதிவுகளுக்கு ஒன்று, நிலையான பக்கங்களுக்கு ஒன்று. இரண்டையும் கொடுங்கள். வேர்ட்பிரஸ் 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து தானாகவே தயாரிக்கிறது; எஸ்இஓ (தேடுபொறிக்கு ஏற்பத் தளத்தைச் சீராக்கும்) பிளக்இன் போட்டிருந்தால் பிளக்இன் தருவதை மட்டும் கொடுங்கள். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரி வரை இருக்கலாம் என்பதால் நம்மில் யாருக்கும் இட நெருக்கடி வராது.

இனி ஒவ்வொரு புதுப் பதிவுக்கும் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் பெட்டியில் முகவரியை ஒட்டி, "ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்" (தேடல் பட்டியலில் சேர்க்கக் கேட்கும் பொத்தான்) ஒரு முறை அழுத்துங்கள். திரும்பத் திரும்ப அழுத்துவதால் வேகம் கூடாது. ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று வரம்பும் உண்டு. "கூகுளுக்கு உடனே பிங் அனுப்பும்" இணையச் சேவைகளை (இங்கே பிங் என்றால் புதுப் பதிவு வந்தது என்ற தகவல், பிங் தேடுபொறி அல்ல) நம்பாதீர்கள். சைட்மேப் பிங் வாசலை நிறுத்தப்போவதாக 2023 ஜூனில் கூகுளே அறிவித்து, பிறகு மூடியும்விட்டது. இண்டெக்ஸிங் ஏபிஐ என்ற நிரல் வாசல் வழியாக நுழைத்துத் தருகிறோம் என்பவர்களும் அப்படித்தான். அந்த வாசல் வேலைவாய்ப்பு அறிவிப்புகளுக்கும் நேரலை ஒளிபரப்புகளுக்கும் மட்டுமே.

பக்கங்கள் அறிக்கையைப் பார்த்ததும் பலர் பதறுவார்கள். எதற்குப் பதற வேண்டும் என்று தெரிந்தால் போதும். ப்ளாகரில் "ரோபோட்ஸ் கோப்பு தடுத்தது" என்று பட்டியலில் வருபவை பெரும்பாலும் குறிச்சொல் பக்கங்கள். அவற்றை ப்ளாகரே வேண்டுமென்றுதான் தடுக்கிறது, கை வைக்காதீர்கள். செல்பேசி வடிவத்துக்கான கேள்விக்குறி முகவரிகள் விலக்கப்படுவதும் இயல்பே. "டிஸ்கவர்ட், கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்ட்" என்றால் முகவரி தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை என்று பொருள். உங்களுடைய பழைய பதிவுகள் இரண்டு மூன்றிலிருந்து அதற்கு இணைப்பு கொடுத்துவிட்டுச் சில வாரம் காத்திருங்கள். "க்ரால்ட், கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்ட்" என்பதுதான் யோசிக்க வேண்டியது. வந்து படித்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பதிவு மிகச் சிறியதாக இருக்கலாம், வேறெங்கோ இருப்பதையே திரும்பச் சொல்லலாம், அல்லது முழுப்பதிவும் ஏதாவது திரட்டியில் நகலாகக் கிடக்கலாம்.

மூன்றாம் படி: பிங்

பிங்கில் யார் தேடுகிறார்கள் என்று கேட்பது எளிது. பெங்களூரில் அலுவலக மடிக்கணினிகளைத் திறந்து பாருங்கள். எட்ஜ் உலாவியும் அதோடு ஒட்டிவந்த பிங்கும் மாற்றப்படாமலே இருக்கும். யாகூவும் டக்டக்கோவும் முடிவுகளைப் பெரிதும் பிங்கிடமிருந்தே பெறுகின்றன. டக்டக்கோவில் தனியாகப் பதிய வழியும் இல்லை. பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில் சர்ச் கன்சோலிலிருந்து இறக்குமதி செய்யும் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் உரிமைச் சரிபார்ப்பும் சைட்மேப்பும் சேர்ந்தே வந்துவிடும். பத்து நிமிட வேலை.

2021இல் மைக்ரோசாஃப்டும் யாண்டெக்ஸும் கொண்டுவந்த இண்டெக்ஸ்நவ் முறையில், பதிவு வெளியானதும் தேடுபொறிக்குத் தகவல் போகும். வேர்ட்பிரஸில் அதற்குப் பிளக்இன் உண்டு. அதற்கு வேண்டிய, தளம் உங்களுடையது என்று காட்டும் சாவிக் கோப்பை ப்ளாகரின் முதன்மைக் கோப்புறையில் வைக்க முடியாது. எனவே பிங்கின் பக்கத்திலேயே முகவரியைக் கையால் கொடுங்கள். கூகுள் இந்த முறையில் சேரவில்லை.

நான்காம் படி: வாசகர் தட்டும் சொல்

அதிகம் சறுக்குவது இங்கேதான். நாம் எழுதும் சொல் ஒன்று, வாசகர் தேடும் சொல் வேறொன்று.

இந்த ஊரின் பெயரிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. 2014 நவம்பர் 1 முதல் அதிகாரப்பூர்வமாகப் பெங்களூரு. ஆனால் தமிழில் தேடுபவர்களில் பலர் இன்னும் பெங்களூர் என்றே தட்டுகிறார்கள். அல்சூர், உல்சூர், ஹலசூரு மூன்றும் ஓரிடமே. பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழர் "லீஸ் வீடு" என்று தேடுவார். மதுரையிலிருந்தோ சேலத்திலிருந்தோ வேலைக்கு வரப்போகிறவர் அதையே "போக்கியம்" என்றோ "ஒத்தி" என்றோ தேடுவார். மனை வாங்குகிறவர் இங்கே "கத்தா" (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) என்று தேடுவார். அந்தச் சொல்லே தமிழ்நாட்டில் பலர் காதில் விழுந்திருக்காது. உங்கள் வாசகர் இங்கே இருப்பவரா, இங்கே வரப்போகிறவரா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முதன்மைச் சொல்லைத் தலைப்பில் வையுங்கள். மற்ற வழக்கை முதல் பத்தியில் ஒரு முறை இயல்பாகச் சொல்லுங்கள்: "லீஸ், அதாவது நம்மூரில் போக்கியம்." அவ்வளவே போதும். எல்லா எழுத்துக்கூட்டல்களையும் பதிவின் அடியில் கொட்டிவைத்தால் அது சொல் திணிப்பு. கூகுள் அதைக் குப்பை என்றே எடுத்துக்கொள்ளும்.

சொற்களைக் கண்டுபிடிக்கக் கருவிகள் உண்டு. உலாவியில் மறைநிலைச் சாளரம் திறந்து, தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டிவிட்டு எண்டர் அழுத்தாமல் கீழே விரியும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு முறை. இரண்டு பட்டியலும் ஒன்றுபோல இருக்காது. கூகுள் ட்ரெண்ட்ஸில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து இரண்டு எழுத்துக்கூட்டல்களை ஒப்பிட்டு, கீழே மாநில வாரியாகக் கர்நாடகமும் தமிழ்நாடும் எப்படி வேறுபடுகின்றன என்று பாருங்கள். நீளமான தமிழ்த் தொடருக்குப் போதிய தரவு இல்லை என்று வரும். ஒற்றைச் சொல்லாக்கிப் பாருங்கள். கூகுள் ஆட்ஸ் கணக்கு திறந்தால் கிடைக்கும் கீவேர்ட் ப்ளானரில் இடம் பெங்களூரு, மொழி தமிழ் என்று கொடுக்கலாம். விளம்பரத்துக்குச் செலவழிக்காதவர்களுக்குத் துல்லிய எண் தராது, 100 முதல் 1,000 வரை என்பது போன்ற வீச்சுதான் தரும். ஒப்பிட அது போதும்.

இரண்டு மூன்று மாதம் கழிந்ததும் சர்ச் கன்சோலே சிறந்த சொல் சுரங்கம் ஆகிவிடும். பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் தேடல் சொல் வடிகட்டியைத் திறந்து, ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் முறை) வகையைத் தேர்ந்து, [அ-ஹ] என்று கொடுங்கள். தமிழ் எழுத்தில் தேடியவை மட்டும் வரும். அதையே "பொருந்தாதவை" என்று மாற்றினால் ஆங்கில எழுத்தில் தட்டியவை வரும். காட்சி எண்ணிக்கை நிறைய இருந்தும் சொடுக்கு இல்லாத சொற்களைத் தேடுங்கள். சராசரி இடம் 8 முதல் 20 வரை இருந்தால் அந்தப் பதிவைத் திருத்தினால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். இடம் 3 ஆக இருந்தும் சொடுக்கு இல்லையென்றால் தலைப்பில்தான் கோளாறு. தமிழ் எழுத்துகள் அகலமானவை; தேடல் முடிவில் தலைப்பு ஆங்கிலத்தைவிடச் சீக்கிரம் துண்டிக்கப்படும். முக்கியச் சொல் முதல் நான்கு சொற்களுக்குள் வரட்டும். இந்த அறிக்கை 16 மாதத் தரவை மட்டுமே வைத்திருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காலத்தோடு வரும் தேடல்களுக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். பெங்களூர் கரகம் சைத்ரப் பௌர்ணமியில் வரும். அதைப் பற்றிய பதிவைக் கரகத்தன்று வெளியிட்டால் தேடுபொறி அதைப் படித்து முடிக்கும்போது திருவிழா முடிந்திருக்கும். ஆறு முதல் எட்டு வாரம் முன்பே வெளியிட்டு, தேதி உறுதியானதும் அதே பதிவில் திருத்துங்கள். ஆண்டுதோறும் புதுப்பதிவு போடாமல் ஒரே முகவரியைப் புதுப்பித்துவருவது நல்லது; அதனால்தான் முகவரியில் ஆண்டு எண் வேண்டாம். 2009 ஆகஸ்ட் 9 அன்று அல்சூரில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை பற்றி எழுதினால் ஜனவரியில் திருவள்ளுவர் நாளை ஒட்டி மீண்டும் ஒரு முறை பதிவைச் செப்பனிடலாம்.

ஐந்தாம் படி: அடைவுகளைச் சலிப்பது

இப்போதுதான் அடைவுகள். எந்த அடைவு கண்ணில் பட்டாலும் கீழ்க்கண்டவாறு சோதியுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

கூகுளில் எஸ், ஐ, டி, ஈ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், உடனே முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் அந்த அடைவின் முகவரி என்று தட்டுங்கள். (பெங்களூரில் சைட் என்றால் முப்பதுக்கு நாற்பது மனைதான் நினைவுக்கு வரும், இங்கேயும் வில்லங்கம் பார்க்கிற வேலைதான்.) ஒரு பக்கமும் வரவில்லை என்றால் அந்த அடைவையே கூகுள் சேர்த்துக்கொள்ளவில்லை. விட்டுவிடுங்கள்.

வந்தால், தமிழ் என்று தனிப் பிரிவு இருக்கிறதா, அல்லது "இந்தியா" என்ற மூட்டையில் எல்லாமே கிடக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிரிவில் ஐந்து வலைப்பூக்களைத் திறந்து பாருங்கள். இரண்டுக்கு மேல் இறந்திருந்தால் பராமரிப்பவர் எப்போதோ போய்விட்டார். கடைசியாகச் சேர்ந்தது எப்போது என்பதும் முக்கியம். பக்கத்துப் பிரிவுகளில் சூதாட்டம், உடனடிக் கடன் என்று நிரம்பியிருந்தால் உங்கள் பெயர் அங்கே இருக்கவே கூடாது. தரம் குறைந்த டைரக்டரி இணைப்புகளைக் கூகுள் தன் இணைப்புக் குப்பை விதிகளில் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. சேர்க்கும் முன் யாராவது பார்த்து ஒப்புதல் தருகிறார்களா? தருகிறார்கள் என்றால் நல்ல அறிகுறி, தாமதமானாலும். டீமாஸின் வாரிசான கர்லி அப்படித்தான், தன்னார்வலர்களை நம்பி நடக்கிறது. ஒரு முறை சரியான பிரிவில் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள். பதில் வரவில்லை என்று திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம்.

பதிலுக்கு உங்கள் முகப்பில் எங்கள் பட்டையை ஒட்டுங்கள் என்று கட்டாயப்படுத்தும் அடைவுகளைத் தவிர்க்கலாம். காசு வாங்கிச் சேர்ப்பவர்கள் அந்த இணைப்பில் ஸ்பான்சர்ட் அல்லது நோஃபாலோ குறி (தரவரிசைக்கு இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காதே என்று தேடுபொறிக்குச் சொல்வது) போட வேண்டும் என்பது விதி. போட்டால் தரவரிசைக்கு அதனால் பயன் எதிர்பார்க்க முடியாது, போடாவிட்டால் விதிமீறலில் நீங்களும் பங்காளி. இலவச அடைவில் நோஃபாலோ இருந்தால் அதற்காக ஒதுக்காதீர்கள். அங்கிருந்து மனிதர்கள் வருகிறார்கள் என்றால் அது நல்ல அடைவுதான்.

படிவம் நிரப்பத் தனி மின்னஞ்சல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி எண் கட்டாயம், ஓடிபி வரும் என்றால் வெளியே வந்துவிடுங்கள். வலைப்பூவைச் சேர்க்க ஓடிபி எதற்கு? விளக்கத்தை 25 சொல் அளவில் ஒன்று, 60 சொல் அளவில் ஒன்று என இரண்டு தயாராக வைத்து, ஒவ்வோர் அடைவுக்கும் முதல் வரியை மாற்றுங்கள். அச்சடித்ததுபோல ஒரே பத்தியை எல்லா இடத்திலும் ஒட்டினால் ஒப்புதல் தருபவருக்கு உடனே தெரிந்துவிடும். இப்படிச் சலித்தால் கையில் நிற்பவை ஐந்தோ ஆறோதான். அது குறைவல்ல.

இன்னொரு பொறி: வீட்டு முகவரியைக் கொடுத்து வலைப்பூவைக் கூகுள் மேப்ஸில் கடையாகப் பதிவது. வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழில்களுக்கே பிசினஸ் ப்ரொஃபைல். இணையத்தில் மட்டும் இயங்குவதற்கு அனுமதி இல்லை; முடக்கிவிடுவார்கள். அதற்குள் உங்கள் வீட்டு முகவரி ஊருக்கே தெரிந்திருக்கும். விக்கிப்பீடியாவில் உங்கள் பதிவை நீங்களே வெளியிணைப்பாகச் செருகுவதும் வேண்டாம். அங்கே எல்லா வெளியிணைப்பும் நோஃபாலோ, தொகுப்பாளர்கள் நீக்கியும்விடுவார்கள்.

ஆறாம் படி: திரட்டியும் ஓடையும்

திரட்டியில் சேர்வது என்றால் ஓடை முகவரியைக் கொடுப்பது. கொடுக்கும் முன் ஓடையில் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். ப்ளாகரில் செட்டிங்ஸ், சைட் ஃபீட் பகுதியில் முழுவதும், இடைவெட்டு வரை (பதிவில் நீங்கள் வெட்டுக் குறி போட்ட இடம் வரை), சுருக்கம் எனத் தேர்வுகள் உண்டு. வேர்ட்பிரஸில் ரீடிங் பகுதியில் முழுப்பதிவா சுருக்கமா என்று கேட்கும். திரட்டிகளுக்கு "இடைவெட்டு வரை" பொருத்தம். முழுப்பதிவும் போனால், உங்களைவிடப் பழைய, பெரிய தளம் அதை வெளியிட்டு, தேடலில் உங்கள் எழுத்தே உங்களுக்கு மேலே நிற்கும். ஃபீட்லி போன்ற படிப்பிகளில் படிப்பவருக்கு இதனால் சிறு எரிச்சல் உண்டுதான். உங்கள் வாசகர்களில் அவர்கள் அதிகம் என்றால் முழு ஓடையை வைத்துக்கொண்டு நகலெடுக்கும் திரட்டிகளைத் தவிருங்கள்.

ஏழாம் படி: ஊருக்குள் இருக்கும் அடைவுகள்

அல்சூர் ஏரியருகே 1950 முதல் இயங்கும் பெங்களூருத் தமிழ்ச் சங்கம், அடுக்ககங்களின் தமிழர் வாட்ஸ்அப் குழுக்கள், கோயில் விழாக் குழுக்கள், தமிழ் கோரா ஆகியவையும் அடைவுகளே, பட்டியல் வடிவில் இல்லை என்பதுதான் வேறுபாடு. குழுவில் முகப்பு இணைப்பைப் போட்டு "ஆதரவு தாருங்கள்" என்றால் யாரும் திறக்க மாட்டார்கள். "லீஸ் ஒப்பந்தத்தில் என்ன பார்க்கணும்?" என்று ஒருவர் கேட்கும்போது நான்கு வரியில் பதில் எழுதி, விரிவுக்கு அந்த ஒரு பதிவின் இணைப்பைக் கொடுத்தால் திறப்பார்கள். குழு நிர்வாகியிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

எட்டாம் படி: எது வேலை செய்தது?

வாட்ஸ்அப்பிலிருந்து வருபவர், வருகைகளைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸில் பெரும்பாலும் "டைரக்ட்" என்றே விழுவார். எங்கிருந்து வந்தார் என்று அறிய இணைப்பின் வாலில் யுடிஎம் குறிகள் சேர்க்க வேண்டும்: சோர்ஸ், மீடியம், கேம்பெயின் என்று மூன்று. கூகுளின் கேம்பெயின் யூஆர்எல் பில்டர் பக்கத்தில் நிரப்பினால் அதுவே இணைப்பைத் தரும். ஆங்கிலச் சிற்றெழுத்திலேயே எழுதுங்கள். ஒரு முறை பெரிய எழுத்து, ஒரு முறை சிறிய எழுத்து என்றால் இரண்டு தனி வரிகளாகப் பிரிந்துவிடும். உங்கள் வலைப்பூவுக்குள்ளேயே ஒரு பதிவிலிருந்து மறு பதிவுக்குத் தரும் இணைப்பில் இதைச் சேர்க்காதீர்கள். வந்தவரின் உண்மையான மூலம் பற்றிய கணக்கு குழம்பிவிடும். ஊர் வாரிப் பட்டியலையும் முழுக்க நம்ப வேண்டாம். செல்பேசி இணையத்தில் ஓசூரில் இருப்பவர் பெங்களூரு என்று பதிவாகலாம்.

ஒரு விரிதாளில் ஐந்து நெடுவரிசைகள் போதும்: அடைவின் பெயர், சேர்த்த நாள், எந்தப் பிரிவு, ஒப்புதல் வந்த நாள், 90 நாளில் வந்த வாசகர். 90 நாள் கழித்து பூஜ்யமாக நிற்பவற்றில் விளக்கத்தையும் பிரிவையும் ஒரு முறை மாற்றிப் பாருங்கள். அடுத்த 90 நாளும் பூஜ்யம் என்றால் அந்த வரியை விரிதாளின் வேறு பக்கத்துக்கு நகர்த்திவிட்டு, அங்கே செலவான நேரத்தை 8 முதல் 20ஆம் இடத்தில் நிற்கும் பதிவுகளைத் திருத்தக் கொடுங்கள். டொமைன் மாற்றினால் மட்டும் நகர்த்திய வரிகளையும் சேர்த்து எல்லா அடைவிலும் முகவரியைத் திருத்த வேண்டிவரும். அதனால்தான் அழிக்காமல் நகர்த்திவைக்கச் சொல்கிறோம்.